சம்பந்தி வீட்டாருக்கு ராயபுரத்தைக் காட்டிய மூன்று நாட்கள்

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் நான் செய்துவந்தது இதுதான்: காலையில் ஒரு வாடகைக் காரை வைத்துக்கொண்டு மெரினா, மயிலாப்பூர், தி.நகர் என்று தெற்கே அழைத்துப் போவேன்; இரவு தூங்குவதற்கு மட்டும் அவர்களை ராயபுரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பேன். எங்கள் பக்கத்தைக் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஒரு காரணம். திரைப்படங்கள் வடசென்னைக்குத் தேடித் தந்திருக்கிற பெயரைக் கேட்டுவிட்டு வருகிறவர்களிடம் எதற்கு வீண் விளக்கம் என்ற சோம்பல் இன்னொரு காரணம். கொஞ்சம் வெட்கமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் மகனுக்குப் பெண் எடுத்தது வாலாஜாபேட்டையில். சம்பந்தி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கண்ணில் படும் பலகை, கல்வெட்டு எதையும் நின்று படித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். சம்பந்தியம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பேத்தியின் பிறந்தநாளை ஒட்டி அவர்கள் எங்கள் வீட்டில் தங்க வந்தபோது, வழக்கம்போல் முதல் நாள் தெற்கே போய்வந்தோம். இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கையில் அவர் மெல்லக் கேட்டார்: “சம்பந்தி, நாலு தடவ வந்துட்டோம். ஒரு தடவகூட உங்க ஊரக் காட்டலியே?” நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் மறுநாள் விடியற்காலை காசிமேட்டுக்குப் போவது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஐந்து மணிக்கெல்லாம் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நுழைந்தோம். போகும் வழியில் சம்பந்தியம்மா தாலிச் சங்கிலியைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துச் செருகிக்கொண்டதை நான் பார்த்தும் பாராததுபோல் இருந்தேன். உள்ளே ஏலம் நடந்துகொண்டிருந்தது. வஞ்சிரமும் சங்கராவும் குவியல் குவியலாகக் கிடக்க, தொகையை ஏற்றிச் சொல்லும் குரல்களுக்கு நடுவே ஐஸ் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டிகள் “வயி வுடு, வயி வுடு” என்று இடித்துக்கொண்டு போயின. பழக்கமில்லாதவர்கள் அங்கே செய்யும் முதல் தவறு, வண்டி போகும் தடத்தில் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பது. நாங்களும் அதையே செய்தோம். இரண்டு முறை திட்டு வாங்கினோம்.

அப்போது மீன் வெட்டிக் கொடுக்கும் வரிசையில் அரிவாள்மணை முன் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, ஏறக்குறைய அறுபது வயதிருக்கும், என்னைப் பார்த்து அதட்டினார்: “இன்னாபா, கால் வலிக்கிற பொம்பளய நிக்க வச்சிகினு நீ வேடிக்க பாத்துகினு இருக்க?” சொல்லிக்கொண்டே, பக்கத்திலிருந்த வெற்று மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு சாக்கை மடித்து வைத்து, “இப்டி குந்துமா” என்றார். சம்பந்தியம்மா தயங்கிக்கொண்டே உட்கார்ந்தார். எந்த ஊர் என்று அந்த அம்மா கேட்டார். வாலாஜா என்று பதில் வந்ததும் அடுத்த கேள்வி விழுந்தது: “அங்க கடலே கெடையாதே, மீனுக்கு இன்னா பண்ணுவீங்க?”

“காவேரிப்பாக்கம் ஏரி மீனுதாம்மா. கெண்ட, வெரால் எல்லாம் வரும்.”

“ஏரி மீனா? சேத்து வாட அடிக்குமே, எப்டி துன்றீங்க?”

அங்கே தொடங்கியது பேச்சு. கல்லுப்பும் புளியும் போட்டு எத்தனை முறை உரச வேண்டும், அலசிய தண்ணீர் எப்படித் தெளிய வேண்டும், குழம்பில் பூண்டை எந்த நேரத்தில் தட்டிப் போட வேண்டும் என்று சம்பந்தியம்மா விவரிக்க, அந்த அம்மா கையிலிருந்த வஞ்சிரத்தைத் துண்டு போடுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போனது. எழுந்தபோது சங்கிலி தலைப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் நாள் முழுக்க நான் விளக்கிக்கொண்டே வந்தேன், அவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். விருந்தாளிக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும், அதைக் கேட்க வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அம்மாவுக்கு அது இயல்பாக வந்தது.

காசிமேட்டுக்கு விருந்தினரை அழைத்துப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும். புடவையோ வேட்டியோ கணுக்காலுக்கு மேல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நகரமே அங்கே இருக்கும் என்பதால், முதியவர்களோடு போவதற்கு வார நாளே நல்லது. படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கிருப்பவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், காட்சிக்கு நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும், துறைமுகமும் ஓய்ந்து கிடக்கும். கோடை விடுமுறையில் வருகிற விருந்தினர் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. சம்பந்தியம்மா முதல் நாள் காலையிலிருந்தே வெளியில் தண்ணீர் குடிக்கவே இல்லை. வெயில் அடித்தபோது நான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று பேத்தியிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று என் மனைவி தனியாகக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. வெளியூரில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது, அது எப்படி இருக்குமோ என்ற பயத்தில், வெளியே கிளம்பும் நாட்களில் அவர் காலையிலேயே தண்ணீரை நிறுத்திவிடுவாராம். நாற்பது ஆண்டுப் பழக்கமாம். முதல் நாள் நாங்கள் போன இடங்களில் ஒன்றில், தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து போகும் இடத்தில், பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்குக் காவலாளி இன்னொருவரைக் கைகாட்ட, அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நாங்கள் அதைச் சிறிய தொந்தரவாக எண்ணி அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டோம். அவருக்கோ அந்த நாளே அதோடு முடிந்துவிட்டிருந்தது. பிறகு பார்த்த எதுவும் அவர் மனத்தில் பதியவில்லை என்பதைப் பின்னால் அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு, லிப்டும் உண்டு. 2019-இல் மண்ணடி, வண்ணாரப்பேட்டை நிலையங்களும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பும் திறந்தது எங்கள் பக்கத்துக்குப் போக்குவரத்தாக மட்டுமல்லாமல் இந்த வகையிலும் பெரிய உபகாரம். இரண்டு இடங்களைப் பார்க்கப் போனால் நடுவில் ஒரு மெட்ரோ நிலையம் வரும்படி வழியை அமைத்துக்கொள்கிறேன். உட்கார்ந்து காபி குடிக்கிற மாதிரியான உணவகங்கள் எவை, கட்டணக் கழிப்பறைகளில் பெண் பணியாளர் இருப்பவை எவை என்று என் மனைவி ஒரு நாள் முழுக்கச் சுற்றி விசாரித்து வைத்திருக்கிறாள். கிளம்பும்போதே விருந்தினரிடம், “பதினோரு மணிக்கு ஓரிடத்தில் நிற்போம், வசதி இருக்கிறது” என்று சொல்லிவிடுவதும் முக்கியம். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு சம்பந்தியம்மா வழியில் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

காசிமேட்டுக்குப் போய்வந்த அன்றே காலை பத்து மணிக்கு ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனோம். அது ஒரு பெரிய காட்சியாக இருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வீட்டுக்குப் பக்கம் என்பதால் சேர்த்துக்கொண்டேன். தூண்கள் நிற்கும் அந்த முகப்பைப் பார்த்துக்கொண்டே, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது, இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுதான் பழையது என்றேன். “எது வரைக்கும் போச்சு?” என்று சம்பந்தி கேட்டார். “வாலாஜா ரோடு வரைக்கும்” என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. முப்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த தகவல். சம்பந்தி வீட்டுத் திருமணப் பத்திரிகையில் வழி சொல்லும் இடத்தில் அதே வாலாஜா ரோடு நிலையம் அச்சாகியிருந்தது. இரண்டையும் ஒன்றாக நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆசிரியர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அப்போ நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னாடியே நாம சம்பந்திதான்” என்றார்.

அங்கே நின்றபோது ராயபுரத்தின் பெயர்க் காரணத்தையும் கேட்டார். புனித பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள். கடல் தொழில் செய்த படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய ராயப்பர் கோயிலை ஒட்டியே ஊருக்கு இப்பெயர் என்று சொல்லி, அந்தத் தேவாலயத்தையும் காட்டினேன். யாராவது ராஜா பெயராக இருக்கும் என்றுதான் அதுவரை அவர் எண்ணியிருந்தாராம்.

ஊர்ப்பெயர் விஷயத்தில் நான் செய்த பிழையையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் காலை சம்பந்தி தனியாகக் கிளம்பி, வள்ளலார் வாழ்ந்த ஏழு கிணறு வீராசாமித் தெருவைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் சன்மார்க்க அன்பர். நான் பெருமையோடு வழி சொன்னேன்: “பஸ் ஏறி மின்ட்ல எறங்குங்க, அங்கிருந்து பக்கம்.” முக்கால் மணி நேரம் கழித்து நிறுத்தத்திலிருந்தே போன் செய்தார், மின்ட் போகும் பேருந்து ஒன்றுகூட வரவில்லையாம். அதற்குள் நான்கு பேருந்துகள் போயிருக்கின்றன, நான்கின் பலகையிலும் ‘வள்ளலார் நகர்’ என்றுதான் எழுதியிருந்ததாம். மின்ட் பேருந்து நிலையத்தின் பெயரே வள்ளலார் நகர்தான். வள்ளலாரைத் தேடிப் போனவர், வள்ளலார் பெயர் போட்ட பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் மின்ட் என்று சொன்னதை நம்பி.

எங்கள் பக்கம் முழுக்க இப்படித்தான். தங்கசாலை என்று எழுதியிருக்கும், மின்ட் என்போம். பிரகாசம் சாலை என்று எழுதியிருக்கும், பிராட்வே என்போம். ராஜாஜி சாலையைப் பீச் ரோடு என்போம். இதில் எதையும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை; நானே மாற மாட்டேன். ஆனால் வெளியூர்க்காரருக்கு வழி சொல்லும்போது வாயில் வருவதோடு பலகையில் இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு சிறிய தாளில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், மெட்ரோவாக இருந்தால் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதையும் சேர்த்து. ஆட்டோக்காரரிடம் கூலி பேசுவதற்கும் இதுவே உதவுகிறது. இடத்தின் பெயரைத் தடுமாறாமல் சொல்கிறவரிடம் கேட்கும் தொகையே வேறு. வருத்தம்தான், ஆனால் உண்மை.

பிற்பகலில் நானும் ஏழு கிணற்றுக்குப் போய் அவரோடு சேர்ந்துகொண்டேன். 1772-இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோகத் தோண்டிய கிணறுகளால் அந்தப் பகுதிக்கு அப்பெயர் வந்தது. அங்கிருந்து ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கமாக நடந்தபோது, பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள் என்றேன். 1780-களில் பஞ்சம் வந்தபோது பசியோடு நகரத்துக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அந்த மருத்துவமனையின் தொடக்கம். 1867-இல் வடலூரில் அடுப்பு மூட்டிய வள்ளலார் இளமையில் இந்தத் தெருக்களில்தான் நடந்தார் என்பதை நினைத்தாரோ என்னவோ, சம்பந்தி அந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். இன்றும் கோடையில் தெருமுனைக்குத் தெருமுனை தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்கள், ரமலான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் போனால் யார் என்று கேட்காமல் நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறார்கள். பந்தல்களில் குறைவது ஒன்றுதான்: உட்கார ஒரு பெஞ்சு. தண்ணீர் வைப்பவர்கள் இரண்டு நாற்காலியும் போட்டால் முழங்கால் வலிக்காரர்கள் வாழ்த்துவார்கள்.

ஜார்ஜ் டவுன் தெருக்களைப் பற்றி நிறைய எழுதலாம், இங்கே சுருக்கிக்கொள்கிறேன். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெருவில் துணி, ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்து, பத்ரியன் தெருவில் பூ என்று தெருவுக்கு ஒரு வாசனை உண்டு. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் இருக்கிறது. 1677-இல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று அங்கே எழுதி வைத்திருப்பதைச் சம்பந்தி இரண்டு முறை படித்தார். சற்றுத் தள்ளி அரண்மனைக்காரத் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் அமைதியாக நிற்கிறது. கடைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் போக வேண்டும், கட்டடங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முயன்றால் இரண்டும் கிடைக்காது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குத் தேரடி மெட்ரோவில் இறங்கினால் நடை குறைவு. ஆனால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பௌர்ணமி அன்று மேலூர் திருவுடையம்மன், வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்க வருகிறவர்கள் கூட்டம் அலைமோதும்.

மூன்றாம் நாள் மாலை, பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ கடைக்குப் போனோம். அதை ஏன் கடைசிக்கு வைத்தேன் என்றால், அவர்களுக்குப் பிடிக்காது என்று உறுதியாக நம்பியிருந்தேன். தள்ளுவண்டிக்காரர் அகலமான பாத்திரத்தில் மஞ்சள் நிற நூடுல்ஸை எடுத்துப் போட்டு, மெலிதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், நொறுக்கிய தட்டை, பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. “காரம் கொறச்சலா?” என்று அவர் சம்பந்தியம்மாவைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “மொதல்ல ஒரு வாய் துன்னு பாருங்கம்மா, அப்பறமா கலக்கறேன்” என்று ஒரு சிறிய தட்டில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தார். ருசி பார்த்த பிறகு கூடுதலாகப் புளித்தண்ணீர் கேட்டது சம்பந்தியம்மாதான். சூப்பும் இரண்டாவது முறை வந்தது, காசில்லாமல்.

அறுபதுகளில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொண்டுவந்த சாப்பாடு இது என்று சொன்னேன். சற்றுத் தள்ளி இருக்கும் பர்மா பஜாரும் 1969-இல் அவர்களுக்காகத் தொடங்கியதுதான். வந்தவர்கள் இப்போது வருகிறவர்களுக்குப் பரிமாறுகிறார்கள் என்றார் ஆசிரியர். எனக்கு அதைவிட, காரத்தை ருசி பார்த்துச் சொல்ல ஒரு வாய் முதலில் கொடுத்தாரே, அதுதான் பெரிதாகப் பட்டது. எத்தனை பெரிய உணவகங்களில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

குறைகளும் இருந்தன. நடைபாதை என்று ஒன்று இருப்பதாக நம்பி இறங்கினால் பாதி இடத்தில் சாமான்களும் மீதியில் வண்டிகளும் நிற்கும். கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையைக் கடக்க, கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு நான் பத்து நிமிடம் நின்றேன். கடைசியில் தேநீர்க் கடைப் பையன் ஒருவன் ஓடிவந்து கையைக் காட்டி லாரியை நிறுத்தி அழைத்துப் போனான். ஊரின் முரடும் ஊரின் அன்பும் ஒரே சாலையில் நின்றதால் எதைச் சொல்லி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அவன் டம்ளர் தட்டோடு போய்விட்டான்.

அவர்கள் ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருக்கும். மே மாதத்தில் ஒரு நாள் சம்பந்தியம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். பேத்தியைப் பற்றி விசாரித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், காவேரிப்பாக்கத்தில் விரால் மலிவாகக் கிடைப்பதாகச் சொன்னார். வைப்பதற்கு முன் தயங்கிக்கொண்டே கேட்டாராம்: “தடக்காலம் எப்பம்மா முடியுது? அந்த மீன் வெட்டற அம்மா ஜூன் பதினஞ்சுக்கே வந்து ஒக்காந்துடுவாங்களா?”